பதிமூணு முழம் மல்லி

பூ வாடாம ஜப்பான் வரைக்கும் போகுமான்னு நான் யாரையும் கேக்கல. கேட்டா போகாதுன்னுதான் சொல்லுவாங்க. எதுக்குக் கேக்கணும்?

வியாழக்கிழமை விடிஞ்சதும் அல்சூர் மார்க்கெட்ல தனக்கோடி கடை முன்னாடி போய் நின்னேன். பன்னண்டு முழம் மல்லி வேணும், நெருக்கமா கட்டியிருக்கணும், எல்லாம் மொட்டா இருக்கணும், ஒண்ணுகூட விரிஞ்சிருக்கக் கூடாதுன்னேன். மே மாசம், பூ கொட்டிக் கிடக்கிற நேரம். "என்னக்கா, வீட்ல விசேஷமா?"ன்னு கேட்டா. ஆமான்னேன். "கிருத்திகாவுக்குக் குழந்தை பொறந்துடுச்சா?" அதுக்கும் ஆமான்னேன். என்ன குழந்தைன்னா. பொண்ணுன்னேன். அவளுக்குச் சந்தோஷம் தாங்கல. இன்னொரு முழம் சேத்துப் போட்டு, "இது பாப்பாவுக்கு, நான் குடுத்தேன்னு சொல்லு"ன்னு வாழை இலையில சுத்திக் குடுத்தா. வாங்கிக்கிட்டு வந்துட்டேன்.

நான் ஒண்ணும் பொய் சொல்லல. குழந்தை பொறந்துச்சு. சனிக்கிழமை பொறந்து ஞாயித்துக்கிழமை செத்துப் போச்சு. மூணு வாரம் முன்னாடியே பொறந்துடுச்சு, மூச்சு விட முடியல. பத்தொம்பது மணி நேரம் இருந்துச்சாம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் மாப்பிள்ளை போன் பண்ணாரு. அஷ்வின்னு பேரு, டோக்கியோவுல கம்ப்யூட்டர் வேலை. "அத்தை, எல்லாம் முடிச்சுட்டோம்"னாரு. எரிச்சு சாம்பலும் வாங்கிட்டு வந்துட்டாங்களாம். என் வீட்டுக்காரர் இராஜமாணிக்கம் பக்கத்துல நின்னுக்கிட்டு என் முகத்தையே பாத்தாரு. நான் போன்ல, கிருத்திகாவுக்கு ஜுரம் இருக்கா, ரத்தம் எவ்வளவு போகுது, சாப்பிடறாளான்னு கேட்டேன். வெச்சுட்டு அவருகிட்ட விஷயத்தைச் சொன்னேன். அவர் சுவத்துல சாஞ்சு அழுதாரு. எனக்கு அழுகை வரல. நாத்தனார் வந்து பாத்துட்டு, "கல்லு மனசு அண்ணிக்கு"ன்னு அடுப்படியில யார்கிட்டயோ சொன்னா. என் காதுல விழணும்னே சொன்னா.

கல்லோ மண்ணோ, எனக்குத் தெரியாது. இருபத்தாறு வருஷமா டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல வேலை. ட்ரங்க் கால் காலத்துல எத்தனை சாவுச் செய்தியை இந்தக் காது கேட்டிருக்கும்! மதுரையில அப்பா போயிட்டாரு, பம்பாயில தம்பி அடிபட்டுட்டான்னு. லைன் சரியா இருக்கான்னு பாக்கணும், மூணு நிமிஷம் ஆனதும் சொல்லணும், அடுத்த காலைப் போடணும். அதான் பழக்கம். இப்ப ட்ரங்க் கால் எல்லாம் போச்சு, நூத்தித் தொண்ணூத்தி ஏழுல உக்காந்து நம்பர் கேக்கறவங்களுக்கு நம்பர் சொல்லிக்கிட்டிருக்கேன். பழக்கம் மட்டும் போகல.

வியாழக்கிழமை டிக்கெட் ரெண்டு மாசம் முன்னாடியே எடுத்தது. பிரசவத்துக்குப் போறதுக்குன்னு. விசா எனக்கு மட்டும்தான், அவருக்கு இல்ல. பெட்டியில ஏற்கெனவே சுக்கு, லேகியம், பூண்டு, கருவாடு எல்லாம் கட்டி வெச்சிருந்தேன். குழந்தைக்குன்னு எதுவும் வாங்கல. பொறக்கறதுக்கு முன்னாடி வாங்கக் கூடாது, எங்க வீட்ல அது எப்பவும் கிடையாது. அவரோட பழைய வேட்டியைக் கிழிச்சு, தோய்ச்சு, மடிச்சு வெச்சிருந்தேன், அவ்வளவுதான். அதை மட்டும் வெளிய எடுத்தேன். கருவாடு விட மாட்டாங்கன்னு மாப்பிள்ளை சொன்னதால அதையும் எடுத்தேன். மத்ததை எடுக்கல. பிள்ளை இருந்தாலும் இல்லாட்டியும் பெத்த உடம்பு பெத்த உடம்புதானே.

புதன்கிழமை கிருத்திகாவே பேசினா. ஆஸ்பத்திரியிலிருந்து. ரொம்பப் பேசல. "அம்மா, பால் கட்டிக்கிச்சும்மா. கல்லு மாதிரி இருக்கு. கையைத் தூக்க முடியல. வலிக்குதும்மா." அழுதா. டாக்டர் மாத்திரை குடுத்திருக்காரு, ஆனா நிக்கலன்னா.

அப்பதான் எனக்குச் செய்யறதுக்கு ஒரு வேலை கிடைச்சுது. குழந்தை இல்லாத மார்ல பால் கட்டிக்கிட்டா மல்லியை வெச்சுக் கட்டணும். சரமா ரெண்டு பக்கமும் சுத்தி, மேல துணியால இறுக்கி, வாடினதும் எடுத்துட்டு வேற வெக்கணும். மூணு நாள்ல வத்திடும். எங்க சித்திக்கு அப்படித்தான் பண்ணாங்க, நான் சின்னப் பொண்ணா பாத்திருக்கேன். ஜப்பான்ல மல்லிக்கு எங்க போறது? நான்தான் கொண்டுபோகணும். அது ஒண்ணுதான் அப்புறம் என் மண்டையில. பூ போய்ச் சேரணும், அவ வலி நிக்கணும். வேற யோசிக்க ஒண்ணு இருந்துச்சு. நான் அது பக்கமே போகல.

வாழை இலைக் கட்டை ஈரத்துணியில சுத்தி, எவர்சில்வர் தூக்குல வெச்சு, தூக்கைக் கைப்பையில வெச்சேன். ஏர்போர்ட்ல அவர் வெளியவே நின்னுட்டாரு, உள்ள விட மாட்டாங்களே. "அவளைத் திட்டாதே வேதா"ன்னாரு. நான் எதுக்குத் திட்டறேன்? சும்மா அவருக்கு வேற என்ன சொல்றதுன்னு தெரியல.

பையை மெஷின்ல விட்டதும் அங்க இருந்த ஆள் தூக்கைத் தொறக்கச் சொன்னான். தொறந்தேன். அந்த இடமே மணத்துப் போச்சு. "ஹூவா அம்மா?"ன்னு, பூவான்னு கன்னடத்துல கேட்டுச் சிரிச்சான். "ஹௌது"ன்னேன். "ஹோகி, ஹோகி"ன்னு போகச் சொல்லி விட்டுட்டான். பின்னாடி நின்ன ஒருத்தன், "ஆன்ட்டி, ஜப்பானா சிங்கப்பூரா?"ன்னு தமிழ்ல கேட்டான். முப்பத்தஞ்சு வயசு இருக்கும், முதுகுல ஒரு பை, கையில ஒரு பை, புளிக்காய்ச்சல் வாசனை.

"நான் என்ன உனக்கு ஆன்ட்டியா? அம்மான்னு கூப்பிடு, இல்ல மேடம்னு கூப்பிடு."

"சரிங்க மேடம் அம்மா"ன்னான்.

ஞானசேகரன்னு பேரு. தர்மபுரிப் பக்கம், ஒயிட்ஃபீல்டுல வேலை, ஜப்பானுக்கு இது ஒம்பதாவது தடவையாம். நான் தனியா, முதல் தடவை ஏரோப்ளேன் ஏறறேன்னு தெரிஞ்சதும் கவுன்டர்ல பேசி எனக்குப் பக்கத்து சீட்டா வாங்கிக்கிட்டான். வேணாம்னு சொல்லத் தோணுச்சு. ஆனா சிங்கப்பூர்ல எங்க எறங்கி எங்க ஏறணும்னு எனக்கு ஒண்ணும் தெரியாது. சரி போன்னு விட்டேன்.

சும்மா சொல்லக் கூடாது, நல்ல பையன்தான். வாய்தான் மூடாது. செருப்பைக் கழட்டுங்க, கால் வீங்கும். தண்ணி கேட்டுக்கிட்டே இருங்க. போர்வை ரெண்டு கேளுங்க, ஒண்ணை இடுப்புக்குக் குடுங்க. சாப்பாடு கொண்டு வந்தா முன்சீட்டுக்காரனை நிமிர்ந்து உக்காரச் சொல்லுங்க, நம்ம உரிமை அது. அவன் சொன்னதெல்லாம் செஞ்சேன். செய்யச் சொன்னா செய்யறதுல ஒரு நிம்மதி இருந்துச்சு.

சீட்டு எனக்கு நடு சீட்டு. முட்டி முன்னாடி இடிக்குது. ரெண்டு பக்கமும் கைவெக்க இடம் இல்ல. அல்சூர்லேர்ந்து மெஜஸ்டிக் போற பஸ்ல இதைவிட நெருக்கிக்கிட்டுப் போயிருக்கேன், ஆனா அது முக்கால் மணி நேரத்துல எறக்கி விட்டுடும். தூக்கை ரெண்டு பாதத்துக்கு நடுவுல வெச்சுக்கிட்டேன். மேல வைம்மான்னு அந்தப் பொண்ணு, ஏர்ஹோஸ்டஸ், வந்து சொன்னா. முடியாதுன்னு தலையாட்டினேன். ஞானசேகரன் எனக்காக அவகிட்ட பேசி, கடைசியில அவ முன்சீட்டுக்கு அடியில தள்ளிக்கச் சொன்னா.

"அதுல என்னங்கம்மா இருக்கு, தங்கமா?"

"பூ."

"பொண்ணுக்கா?"

"ஆமா. பிரசவம் ஆயிருக்கு."

"அட, கங்கிராட்ஸ்"னு கையைக் குடுத்தான். நானும் கையைக் குடுத்தேன். "பையனா பொண்ணா?" பொண்ணுன்னேன். "பேரு வெச்சாச்சா?" "பதினோராம் நாள்தான் வெப்போம்"னேன். எல்லாம் சரியாத்தான் வாயில வந்துச்சு. யாரோ நம்பர் கேக்கறாங்க, நான் சொல்றேன். அவ்வளவுதான்.

சிங்கப்பூர் வர்றதுக்குள்ள ஒரு வேளை சாப்பாடு வந்துச்சு. டிரேயில சோறு, பருப்பு மாதிரி ஒண்ணு, சின்ன ரொட்டி, வெண்ணெய், கேக்கு. எல்லாத்தையும் தின்னேன். பசி இருந்துச்சான்னு தெரியாது. வெச்சாங்க, தின்னேன். ஞானசேகரன் அவன் ரொட்டியையும் நீட்டினான். அதையும் தின்னேன்.

சிங்கப்பூர்ல ஆறு மணி நேரம் உக்கார வேண்டியிருந்துச்சு. அந்த ஏர்போர்ட்டைப் பத்தி ஊர்ல எல்லாரும் கதை கதையா சொல்லுவாங்க, தோட்டம் இருக்கு, மீன் குளம் இருக்குன்னு. நான் ஒண்ணும் பாக்கல. பாத்ரூம்ல போய்க் கதவைச் சாத்திக்கிட்டு தூக்கைத் தொறந்தேன். மேல இருந்த சரத்துல நாலஞ்சு மொட்டு விரிஞ்சிருந்துச்சு. குளிர்ல வெச்சிருந்தா விரிஞ்சிருக்காது. கையில தண்ணி பிடிச்சுத் தெளிச்சேன், துணியைப் பிழிஞ்சு நனைச்சு மறுபடி சுத்தினேன். வெளிய வந்தா, பாத்ரூம் கூட்டற அம்மா ஒண்ணு, தமிழ்க்காரிதான், வாசனை பிடிச்சுட்டு, "நம்ம ஊர் மல்லியா?"ன்னா. ஒரு கண்ணி கிள்ளிக் குடுன்னு கேக்கற பார்வை. எப்பவும்னா குடுத்திருப்பேன். பேசாம வந்துட்டேன். அது மட்டும் கொஞ்சம் உறுத்துச்சு.

அடுத்த ஏரோப்ளேன் ஏழு மணி நேரம். அது பெரிசு, ஆனா சீட்டு அதே அளவுதான். முன்னாடி டீவியில ஒரு மேப்பு, அதுல ஒரு சின்ன ஏரோப்ளேன். கண்ணை மூடித் தொறந்தா அதே எடத்துல இருக்கு. கடல்மேல. அதையே பாத்துக்கிட்டிருந்தேன். சினிமா பாருங்கன்னு ஞானசேகரன் காதுல மாட்டறதைக் குடுத்தான். மாட்டிக்கிட்டேன், எதுவும் போடல. அவனும் கொஞ்ச நேரம் பேச மாட்டான்ல.

அப்புறம் பூவை நெனச்சுப் பயம் வந்துச்சு. ஏர்ஹோஸ்டஸைக் கூப்பிட்டு, இந்தப் பூவை ஃபிரிட்ஜ்ல வெக்க முடியுமான்னு இங்கிலீஷ்ல கேட்டேன். ஃபிரிட்ஜ்ல எல்லாம் பயணிங்க சாமான் வெக்க முடியாதுன்னு மெதுவா சொன்னா. பாவம், போய் ஒரு பிளாஸ்டிக் கவர்ல ஐஸ் கட்டி போட்டுக் கொண்டு வந்து குடுத்தா. தூக்கைச் சுத்தி அதை வெச்சு, என் போர்வையைச் சுத்தினேன். குளிர் என் காலுக்கு ஏறுச்சு. மரத்துப் போச்சு. அப்படியே வெச்சிருந்தேன்.

"இவ்வளவு பாடு எதுக்கும்மா? பாப்பாவுக்குப் பூச் சூட்டணும்னா அங்கயே ஏதாவது பூ கிடைக்குமே"ன்னான் ஞானசேகரன்.

"மல்லி கிடைக்குமா?"

"மல்லி கிடைக்காது." கொஞ்சம் யோசிச்சான். "ஆமா, அம்மா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. செடி, பழம், பூ இதெல்லாம் உள்ள விட மாட்டாங்க. பேப்பர் கேப்பாங்க. நரிதாவுல தனியா ஒரு கவுன்டரே இருக்கு. போன தடவை எங்க டீம்ல ஒருத்தன் மாங்கா கொண்டு வந்து, அப்படியே தொட்டியில போட்டாங்க."

குனிஞ்சு தூக்கைத் தொட்டுப் பாத்தேன்.

"அப்ப என்ன பண்றது?"

"பைக்கு அடியில போட்டு, மேல துணியைப் போடுங்க. ஏதாவது இருக்கான்னு கேட்டா இல்லைன்னு சொல்லுங்க. வயசானவங்களைச் சோதிக்க மாட்டாங்க."

"யாருக்குடா வயசாச்சு? எனக்கு நாப்பத்தொம்பது."

"சரிங்க மேடம்"னான்.

அவன் சும்மா இருக்கலாம்ல? விடியற சமயத்துல அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு, இந்த அம்மா பேத்தியைப் பாக்கப் போறாங்க, பொறந்து ஒரு வாரம்தான் ஆச்சு, குழந்தைங்களுக்குக் குடுக்கற பொம்மை ஏதாவது இருந்தா குடுங்கன்னு கேட்டிருக்கான். அவ ஒரு சின்னக் கரடி பொம்மையைக் கொண்டு வந்தா. துணியில செஞ்சது, நீலச் சட்டை போட்டது. ரெண்டு கையாலயும் நீட்டினா. சுத்தி இருந்தவங்க ரெண்டு பேர் திரும்பிப் பாத்துச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்னு நெனைக்கிறேன். வாங்கி சீட்டு முன்னாடி இருக்கற பையில சொருகினேன். எறங்கும்போது வேணும்னேதான் விட்டுட்டு எழுந்தேன். கதவு கிட்ட போறதுக்குள்ள அந்தப் பொண்ணு பின்னாடியே ஓடி வந்து, "மேடம், பேபி"ன்னு என் கைப்பைக்குள்ள வெச்சு அழுத்தினா. எனக்கு அவமேல கோவம் கோவமா வந்துச்சு. என்ன பாவம் பண்ணா அவ? அவமேல வராம வேற யார்மேல வரும்?

நரிதாவுல முத்திரை குத்தற வரிசை நீளமா இருந்துச்சு. ஞானசேகரனுக்கு வேற வரிசை. போறதுக்கு முன்னாடி கார்டை எல்லாம் அவனே நிரப்பிக் குடுத்தான். "பாப்பாவுக்கு என் விஷஸ் சொல்லுங்க. பூ பத்திரம்"னு கண்ணடிச்சான். நல்லா இருப்பான். அவன்கிட்ட கடைசி வரைக்கும் நான் சொல்லல. சொல்லியிருக்கலாம். பத்து மணி நேரத்துக்கு மேல பக்கத்துல உக்காந்து தண்ணி வாங்கிக் குடுத்தவன்.

பெட்டியை எடுத்துக்கிட்டு சுங்கத்துக்காரன் முன்னாடி போனேன். தூக்கு கைப்பைக்கு அடியில, மேல சால்வை. அவன் ஏதாவது இருக்கான்னு இங்கிலீஷ்ல கேட்டான். நோன்னேன். பாஸ்போர்ட்டைத் திருப்பிக் குடுக்க வந்தவன், நிறுத்தி, லேசா மூச்சை இழுத்தான். மல்லியை ஒளிச்சு வெக்கச் சொன்ன அந்தத் தர்மபுரிக்காரனைச் சொல்லணும். பொட்டலத்தை ஒளிக்கலாம், வாசனையை எங்க ஒளிக்கறது? அவன் கையைக் காட்டி இன்னொரு மேஜைக்கு அனுப்பினான்.

அங்க ஒரு பொண்ணு. கிருத்திகா வயசு இருக்கும். வெள்ளைக் கையுறை. பையைத் தொறக்கச் சொன்னா. முதல்ல வந்தது அந்தக் கரடி. அதை எடுத்து ஓரமா வெச்சுட்டு, "பேபி?"ன்னு சிரிச்சா. தூக்கை எடுத்தா. துணியைப் பிரிச்சா, இலையைப் பிரிச்சா. ஒரு சரத்தைத் தூக்கி வெளிச்சத்துல பாத்தா. "பேப்பர்?"னா. இல்லைன்னேன். "சாரி"ன்னு சொல்லிட்டுப் பக்கத்துல இருந்த தொட்டியைத் திரும்பிப் பாத்தா.

நான் அவ மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டேன். பிடிச்சிருக்கக் கூடாதுதான். ஒரு பெரிய ஆபீசர் ரெண்டு எட்டு முன்னாடி வந்தான். எனக்கு இங்கிலீஷ் வரும், ஆபீஸ்ல பேசற அளவுக்கு நல்லாவே வரும். அப்ப மூணு வார்த்தைக்கு மேல வரல. "ஃபார் மை டாட்டர்"னேன். என் மாரைத் தொட்டுக் காட்டினேன். "மில்க். ஸ்டாப் மில்க்." அவளுக்குப் புரியல. கரடியைப் பாத்தா, என்னைப் பாத்தா. "பேபி டெட்"னேன்.

அதுவரைக்கும் அந்த வார்த்தையை நான் சொன்னதில்ல. வீட்டுக்காரர்கிட்டகூட "இல்லையாம்"னுதான் சொன்னேன். முன்னப்பின்ன தெரியாத ஒருத்திகிட்ட, அவ பாஷையும் இல்ல என் பாஷையும் இல்ல, அதுல சொன்னேன். சொன்னப்புறமும் ஒண்ணும் ஆகல. அவ கையை விட்டேன்.

அவ பெரிய ஆபீசர்கிட்ட மெதுவா ஏதோ பேசினா. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசினாங்க. அப்புறம் உக்காரச் சொன்னாங்க. அவ வெள்ளைத் தாள் விரிச்சு, பூவையெல்லாம் அதுமேல போட்டு, ஒரு லென்ஸை வெச்சு ஒவ்வொரு சரமா பாத்தா. மொட்டு மொட்டா. பதிமூணு முழம். தட்டித் தட்டிப் பாத்தா, பூச்சி எதாவது விழுதான்னு. முக்கால் மணி நேரம் ஆயிருக்கும். விரிஞ்ச பூவையும் பழுப்பா போனதையும் தனியா எடுத்துட்டா. வாழை இலையைத் தொட்டியில போட்டா. மிச்சத்தைப் புதுத்தாள்ல சுத்தி, ஒரு சீட்டுல ஏதோ எழுதி ஒட்டி, எழுந்து நின்னு ரெண்டு கையாலயும் குடுத்தா. குனிஞ்சா. நிமிர ரொம்ப நேரம் ஆச்சு அவளுக்கு. கரடியை நான் அந்த மேஜைமேலயே விட்டுட்டேன். அவ திருப்பிக் குடுக்கல.

மாப்பிள்ளை வெளிய நின்னாரு. தாடி வளந்திருந்துச்சு. ஏன் இவ்வளவு நேரம்னு கேக்கல. பஸ்ல ஏறினோம். அவர் ஒருவாட்டி, "நேத்துதான் அத்தை வீட்டுக்கு அனுப்பினாங்க. மாத்திரை ஒழுங்கா சாப்பிடறா, ஆனாலும் நிக்கல"ன்னாரு. "நிக்கும்"னேன். என் மடியில பூ இருந்துச்சு. கொண்டு வந்துட்டோம்னு ஒரு தெம்பு. வேற எந்த நெனப்பும் இல்லாம ஜன்னல்ல ரோட்டைப் பாத்துக்கிட்டு வந்தேன்.

நிஷிகசாய்னு ஒரு எடம், அங்க எட்டாவது மாடியில வீடு. ஒரு ரூம், ஒரு அடுப்படி. கிருத்திகா தரையில விரிச்ச மெத்தையில சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தா. நைட்டி முன்னாடி ரெண்டு வட்டமா நனைஞ்சிருந்துச்சு. கண்ணு உள்ள போயிருந்துச்சு. நான் கிட்ட போய் நெத்தியில கைய வெச்சேன். கொதிச்சுது. "ஜுரம் எப்பலேர்ந்துடி?"ன்னேன்.

அவ நிமிந்து பாத்தா. "என்னம்மா வாசனை?"ன்னா.

"மல்லி. இப்பவே கட்டி விடறேன், நாளைக்குள்ள வலி கொறைஞ்சிடும். மாப்பிள்ளை, கொஞ்சம் வெளிய இருங்க. ஒரு துணி வேணும், நீளமா."

அவர் கதவைச் சாத்திக்கிட்டுப் போனாரு. நான் தாளைப் பிரிச்சேன். வாடல. ஓரத்துல கொஞ்சம் சோந்திருந்துச்சு, அவ்வளவுதான். நைட்டி கொக்கியில கைய வெச்சேன். அவ என் கையைத் தட்டி விட்டா.

"வேணாம்."

"வலிக்குதுன்னு அழுதியேடி."

"வலிக்கட்டும்."

"மாத்திரை சாப்பிட்டும் நிக்கல, இதையும் வேணாங்கற, சீழ் வெச்சுதுன்னா கத்தி வெக்கணும், தெரியுமா உனக்கு?"

"நான் மாத்திரை சாப்பிடல. தினம் ரெண்டு, டாய்லெட்ல போட்டுட்டேன். அவருக்குத் தெரியாது."

எனக்குக் கோவம் தலைக்கேறுச்சு. ஊர்லேர்ந்து ஐஸ்ல காலை வெச்சுக்கிட்டு வந்திருக்கேன், ஒரு பொண்ணு கையைப் பிடிச்சுக் கெஞ்சியிருக்கேன். "பைத்தியமாடி உனக்கு?"ன்னு கத்திட்டேன். திட்டாதேன்னு ஏர்போர்ட்ல என் வீட்டுக்காரர் சொன்னது சரிதான்.

கிருத்திகா கத்தல. ரொம்ப மெதுவா பேசினா. "இது அவளுக்குன்னு வந்ததும்மா. அவ இல்லன்னு இதுக்குத் தெரியல. தெரியாமலே இருக்கட்டும். இது நின்னுட்டா அவ்வளவுதான், வேற ஒண்ணும் இல்ல எனக்கு."

நான் பூவைக் கையில வெச்சுக்கிட்டு நின்னேன்.

"நாலு நாளா ஜுரம் இருக்கா, ரத்தம் போகுதா, பால் நின்னுச்சா. நீயும் கேட்டே, அவரும் கேட்டாரு, ஆஸ்பத்திரியிலயும் கேட்டாங்க. அவ எப்படி இருந்தான்னு ஒருத்தர் கேக்கலம்மா. நீகூடக் கேக்கல."

பூவைத் தரையில வெச்சுட்டு அவ பக்கத்துல மெத்தையில உக்காந்தேன். கால் ரெண்டும் வீங்கியிருந்துச்சு, மடக்க வரல. கேட்டா என்ன ஆகும்னு தெரியும் எனக்கு. செவ்வாய்க்கிழமையிலேர்ந்து தெரியும்.

"எப்படிடி இருந்தா?"ன்னேன்.

"தலை நிறைய முடிம்மா. நர்ஸ் சீவி விட்டாங்க. மூக்கு நம்ம அப்பா மூக்கு. அழத் தெம்பு இல்ல அவளுக்கு. ஒரே ஒருவாட்டி கொட்டாவி விட்டா, இவ்வளவு சின்ன வாயை வெச்சுக்கிட்டு. அவளை வெச்சிருந்த கண்ணாடிப் பெட்டி ஓட்டையில கைய விட்டேன், இந்த விரலைப் பிடிச்சுக்கிட்டா. விடல. நான்தான் எடுத்தேன், கை மரத்துப் போச்சுன்னு. எடுத்திருக்கக் கூடாது." மூச்சு வாங்கினா. "இங்க பொறந்ததையும் எழுதணுமாம், செத்ததையும் எழுதணுமாம். ஒரே நாள்ல ரெண்டு பேப்பர். ரெண்டுலயும் பேர் கேட்டாங்க. யமுனான்னு எழுதினோம். இந்த ஊர்க்காரங்களுக்கும் சொல்ல வருமேன்னு முன்னாடியே யோசிச்சு வெச்சிருந்தோம்."

"யமுனா"ன்னு நான் சொல்லிப் பாத்தேன்.

எனக்கு ஒரு பேத்தி பொறந்திருந்தான்னு அப்பதான் எனக்குத் தெரிஞ்சுது. கிருத்திகாவைக் கட்டிக்கிட்டு அழுதேன். அவளும் அழுதா. வலிக்கும்னு தெரிஞ்சும் என்னை விடல, இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. பால் கசிஞ்சு என் ரவிக்கையெல்லாம் நனைஞ்சுது. நான் நகரல.